‘அஞ்சு மில்லி குடுங்க’ என்றால் எந்த அஞ்சு மில்லி? வீட்டில் மருந்து அளப்பவர்களுக்கு

எங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பையன் ஒருவன், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார் ஒருவர். ஃப்ரிட்ஜ் கதவில் பாதி இடம் மருந்துக்குத்தான். டாக்டர் சீட்டில் ஒன்று எழுதுவார், கடையில் வேறொரு பாட்டிலைக் கொடுப்பார்கள், போன மாதம் வாங்கி மிச்சமிருப்பது மூன்றாவதாக ஒன்று. இந்த மூன்றையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. லேபிள்களைத் துருவியும், டாக்டரையும் தெரிந்த பார்மசிஸ்ட் ஒருவரையும் தொல்லை செய்தும் புரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். புதிதாகக் குழந்தை பிறந்த வீட்டுக்கும், புதிதாக இன்சுலின் தொடங்கிய வீட்டுக்கும் இது உதவும்.

இது டாக்டரைப் பார்க்காமல் நாமே வைத்தியம் பார்ப்பதற்கான கட்டுரை இல்லை. எந்த மருந்து, எத்தனை மி.கி. என்பது அவர் முடிவு. அவர் சொன்ன அளவுதான் வாய்க்குள் போகிறதா என்று பார்ப்பது நம் வேலை. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

1. முதலில் மி.கி., அப்புறம்தான் மி.லி.

மி.கி. என்பது மருந்து. மி.லி. என்பது அந்த மருந்து கரைந்திருக்கும் நீர். நன்னாரி சர்பத்தில் எசன்ஸ் கூடவும் குறையவும் இருப்பதுபோல, ஒரே 5 மி.லி. சிரப்பில் ஒரு பாட்டிலில் 120 மி.கி. இருக்கும், இன்னொன்றில் 250 மி.கி. இருக்கும். நிறமும் வாசனையும் ஒன்றாகவே இருக்கலாம்.

நம் ஊர்க் கடைகளில் குழந்தைகளுக்கான பாரசிட்டமால் பொதுவாக மூன்று செறிவுகளில் கிடைக்கிறது. டிராப்ஸ் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 100 மி.கி. சாதாரண சிரப் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. டிஎஸ், ஃபோர்ட் என்று பெயருக்குப் பின்னால் ஒட்டு இருப்பதும், பெயரிலேயே 250 என்று இருப்பதும் 5 மி.லி.க்கு 240 அல்லது 250 மி.கி.

இதில் எல்லோரையும் ஏமாற்றுவது டிராப்ஸ்தான். சின்ன பாட்டில், சின்னக் குழந்தைக்கு, அதனால் மருந்தும் லேசாக இருக்கும் என்று மனசு சொல்லும். நேர்மாறு. 5 மி.லி. டிராப்ஸில் 500 மி.கி. இருக்கிறது, பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை அளவு. கைக்குழந்தைக்குக் குறைந்த அளவு நீரில் மருந்து போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவே அதை அடர்த்தியாகச் செய்கிறார்கள்.

2. எடையை இன்றைக்குப் பாருங்கள்

குழந்தை மருந்துகளில் பெரும்பாலானவை வயதை வைத்து அல்ல, எடையை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. இரண்டு வயதில் 9 கிலோ குழந்தையும் உண்டு, 14 கிலோ குழந்தையும் உண்டு. கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கும் முன் எடை பார்ப்பார்கள். அந்த எண் சீட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். இடையில் தெரியவேண்டுமானால் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். வீட்டு எடை மெஷினில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி, நம் எடையைக் கழிப்பதும் அவசரத்துக்கு ஆகும். துணி, டயப்பர், கையில் பிடித்திருக்கும் பொம்மை எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ கூட்டிக் காட்டும், கவனம்.

ஆறு மாதம் முன் எழுதிய சீட்டைப் பார்த்து இன்று கொடுக்காதீர்கள். முதல் வருடத்தில் குழந்தையின் எடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அதில் பழைய அளவுக்கு அர்த்தமே இல்லை.

3. லேபிளில் எந்த வரியைப் படிப்பது

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். நமக்கு வேண்டியது பக்கவாட்டில் பொடி எழுத்தில், ‘ஒவ்வொரு 5 மி.லி.யிலும் இருப்பது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் தொடங்கும் வரி. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். அந்த வரியில் மூன்றைப் பார்க்கவேண்டும்: 5 மி.லி.யா 1 மி.லி.யா, எத்தனை மி.கி., உள்ளே இருப்பது ஒரே மருந்தா இரண்டு மூன்றா.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சல் சிரப் என்று வாங்குவதில் 5 மி.லி.க்கு பாரசிட்டமால் 162.5 மி.கி.யோடு ஐபூப்ரோஃபென் 100 மி.கி. சேர்ந்திருக்கும் கலவை உண்டு. சளி மருந்து என்று தருவதிலும் பாரசிட்டமால் இருக்கும். காய்ச்சலுக்கு ஒரு பாட்டில், சளிக்கு ஒரு பாட்டில் என்று இரண்டையும் கொடுத்தால் ஒரே மருந்து இரண்டு முறை போகிறது. தவிர, டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஐபூப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் என்ற இரண்டு காய்ச்சல் மருந்துகளையும் தவிர்க்கச் சொல்கிறார்கள், ரத்தக்கசிவு ஆபத்து இருப்பதால். மழைக்காலத்துக் காய்ச்சலுக்கு வீட்டில் கிடக்கும் கலவைப் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

குளோர்ஃபெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. அதற்கு முந்தைய சீட்டை வைத்துக்கொண்டு கடையில் கேட்கவேண்டாம்.

சில மருந்துகளில் மி.கி.க்குப் பதில் சதவீதம் போட்டிருக்கும். 1 சதவீதம் என்றால் 100 மி.லி.யில் 1 கிராம், அதாவது 1 மி.லி.க்கு 10 மி.கி. மூக்கடைப்புக்கான சைலோமெட்டசோலின் சொட்டில் குழந்தைகளுக்கு 0.05, பெரியவர்களுக்கு 0.1. பார்க்க அற்ப வித்தியாசம், உள்ளே இரு மடங்கு.

4. கணக்கு

பாரசிட்டமாலுக்கு ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது பரவலான வரம்பு. உங்கள் டாக்டர் 15 என்று சொன்னதாகவும் குழந்தை 12 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். 12 × 15 = 180 மி.கி. பாட்டில் எதுவாக இருந்தாலும் இந்த 180 மாறாது.

வேண்டிய மி.கி.யை லேபிளில் உள்ள மி.கி.யால் வகுத்து, லேபிளில் உள்ள மி.லி.யால் பெருக்கவேண்டும்.

5 மி.லி.க்கு 120 மி.கி. சிரப்: 180 ÷ 120 × 5 = 7.5 மி.லி.
5 மி.லி.க்கு 250 மி.கி. சிரப்: 180 ÷ 250 × 5 = 3.6 மி.லி.
1 மி.லி.க்கு 100 மி.கி. டிராப்ஸ்: 180 ÷ 100 × 1 = 1.8 மி.லி.

ஒரே குழந்தை, ஒரே காய்ச்சல். ஒன்றில் 7.5, இன்னொன்றில் 1.8. சிரப்புக்குச் சொன்ன 7.5 மி.லி.யை மறதியில் டிராப்ஸில் அளந்தால் 750 மி.கி. உள்ளே போகும், நான்கு மடங்குக்கும் மேல்.

விடை வந்ததும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 250 சிரப்பில் 1 மி.லி.க்கு 50 மி.கி. 3.6 × 50 = 180. சரி. கைக்குழந்தைக்கு 15 மி.லி., 20 மி.லி. என்று விடை வந்தால் எங்கோ புள்ளி நகர்ந்திருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் மனக்கணக்கு வேண்டாம். பகலில் கணக்குப் போட்டு, டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ ஒருமுறை காட்டிவிட்டு, பாட்டில் மேல் பேப்பர் டேப் ஒட்டி மி.லி. அளவைப் பேனாவால் எழுதிவையுங்கள். பக்கத்திலேயே எந்த எடைக்கு, எந்தத் தேதியில் என்றும் எழுதுங்கள்.

புள்ளி விஷயத்தில் ஒன்று. எழுதும்போது .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுதுங்கள், 5.0 என்று எழுதாமல் 5 என்று எழுதுங்கள். புள்ளி மங்கினால் இரண்டுமே பத்து மடங்கு தப்பாகப் படிக்கப்படும். தைராய்டு மாத்திரை மைக்ரோகிராம் கணக்கில் வரும். 1000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் 1 மி.கி.

5. சீட்டும் கடையும்

டாக்டர் அறையை விட்டு எழுந்திருக்கும் முன் சீட்டில் இவை தெரிகின்றனவா என்று பாருங்கள்: எடை, மருந்தின் பெயர், செறிவு, ஒரு வேளைக்கு எத்தனை மி.லி., எத்தனை மணி நேர இடைவெளி, எத்தனை நாள். பல சீட்டுகளில் செறிவு இருக்காது, ‘5 மி.லி.’ என்று மட்டும் இருக்கும். “சார், இது எந்த ஸ்ட்ரெங்த்?” என்று கேட்டுவிடுங்கள். ஒரு நிமிட வேலை, யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அடுத்த பொறி கடையில். எழுதிய கம்பெனி சரக்கு இல்லையென்றால் வேறொன்றைத் தருவார்கள். அது தப்பில்லை, செறிவு ஒன்றாக இருக்கும்வரை. ஒரு கடையில் எனக்கு 125க்குப் பதில் 250 கொடுத்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதாங்க, இது கொஞ்சம் பவர் ஜாஸ்தி” என்றார்கள். பவர் ஜாஸ்தி என்றால் மி.லி. பாதியாகவேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. பணம் கொடுப்பதற்கு முன்பே பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்துவிடுங்கள். பிரித்த பாட்டிலைத் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் மருந்து விலை குறைவு. தாராளமாக வாங்கலாம். பாட்டிலில் கம்பெனிப் பெயர் மாறியிருக்கும் என்பதால் இந்தச் சரிபார்ப்பு அங்கே இன்னும் அவசியம்.

அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள். மருந்து ஒழுகி லேபிள் அழிந்தபின் அந்தப் பெட்டிதான் ஆதாரம். சீட்டு, பில், பெட்டி மூன்றையும் ஒரே கவரில் போட்டுவைக்கலாம். பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கவேண்டும், இல்லாத பில்லை வாங்காதீர்கள்.

6. எதில் அளப்பது

ஊசியில்லாத சிரிஞ்சில். அவ்வளவுதான். மெடிக்கல் ஷாப்பில் 5 மி.லி. சிரிஞ்சு பத்து ரூபாய்க்குள் கிடைக்கும். ஊசியைக் கழற்றிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். 2 மி.லி.க்குக் குறைவான அளவுக்கு 2 மி.லி. சிரிஞ்சு இன்னும் துல்லியம்.

சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு வீட்டு டீஸ்பூனும் ஒவ்வொரு அளவு. பாலாடையும் சங்கும் ஊட்டுவதற்கு, அளப்பதற்கு அல்ல. சிரிஞ்சில் அளந்து பாலாடையில் விட்டு ஊட்டினால், அதில் ஒட்டிக்கொண்ட மிச்சத்தைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுத்துவிடுங்கள். பாட்டிலோடு வரும் மூடிக் கப்பில் 2.5, 5, 10 என்று கோடு இருக்கும், 3.6 இருக்காது. ஒரு மருந்தின் டிராப்பரை இன்னொரு மருந்துக்குப் போடாதீர்கள், கோடுகள் அந்தந்த மருந்துக்காகப் போட்டவை.

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். சஸ்பென்ஷன் என்றால் மருந்து முழுதாகக் கரையாமல் மிதக்கும் சிரப், அதில் மருந்து அடியில் தங்கும். குலுக்காமல் கொடுத்தால் முதல் நாட்களில் வெறும் இனிப்புத் தண்ணீர், கடைசி நாட்களில் கெட்டி மருந்து. சிரிஞ்சைக் கண்மட்டத்தில் பிடித்து, காற்றுக் குமிழியை வெளியே தள்ளிவிட்டு, கறுப்பு ரப்பரின் மேல் விளிம்பு கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். கன்னத்தின் உட்பக்கமாகச் சிறிது சிறிதாக விடவேண்டும். தொண்டைக்கு நேரே பீய்ச்சினால் புரையேறும்.

7. நேரம்

பாரசிட்டமாலுக்கு இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், பெரும்பாலான டாக்டர்கள் 6 மணி நேரம் என்பார்கள். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. சீட்டில் ‘எஸ்ஓஎஸ்’ என்றிருந்தால் தேவைப்பட்டால் மட்டும் என்று அர்த்தம். ‘பிடி’ இரண்டு வேளை, ‘டிடிஎஸ்’ மூன்று வேளை.

கூட்டுக் குடும்பத்தில் நடப்பது இது: அம்மா எட்டு மணிக்குக் கொடுத்திருப்பார், பாட்டி ஒன்பதரைக்கு “இன்னும் சுடுதே” என்று இன்னொரு முறை கொடுப்பார். ஃப்ரிட்ஜ் மேல் ஒரு தாள் ஒட்டி, கொடுத்தவர் உடனே நேரத்தை எழுதவேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். மருத்துவமனையில் ஊசியாகப் போட்டதும், ஆசனவாயில் வைத்ததும் பாரசிட்டமாலாக இருக்கலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது “கடைசியா எப்ப, எவ்வளவு குடுத்தீங்க?” என்று நர்சிடம் கேட்டு அதையும் அந்தத் தாளில் முதல் வரியாக எழுதுங்கள்.

8. பவுடராக வரும் ஆன்டிபயாடிக்

லேபிளில் உள்ள செறிவு, கோடு வரை தண்ணீர் சேர்த்த பிறகுதான் உண்மையாகும். கொதிக்கவைத்து முழுதாக ஆறிய தண்ணீரையோ, கூட வரும் தண்ணீர்க் குப்பியையோ பயன்படுத்துங்கள். முதலில் பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்து, கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை விட்டுக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கும். மறுபடி கோடு வரை விட்டுக் குலுக்குங்கள். நுரையைக் கோடு என்று நினைத்து நிறுத்தினால் மருந்து கெட்டியாகிவிடும்.

அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 5 மி.லி.க்கு 228.5, 457 என்று இரண்டு செறிவில் வருகிறது. அசித்ரோமைசினில் 100, 200. மேலே சொன்ன கணக்குதான். வாங்கும்போதே மொத்த அளவைப் பாருங்கள்: வேளைக்கு 4 மி.லி., நாளைக்கு இரண்டு வேளை, 5 நாள் என்றால் 40 மி.லி. பாட்டில் 30 மி.லி. இரண்டு வாங்கவேண்டும், ஆனால் இரண்டாவதை முதலாவது தீரும்போதுதான் கலக்கவேண்டும். கலந்த அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டை ஃப்ரிட்ஜில் வைத்து 7 நாளைக்குள் முடிக்கவேண்டும். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்துவைக்கக்கூடாது.

9. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்

உலக சுகாதார நிறுவன அளவிலான பெரிய பாக்கெட் 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டும் உண்டு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிதமிஞ்சிப் போகும், வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்கு அது ஆபத்து. ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளரில் போடுவதும் கூடாது. முழுப் பாக்கெட்டையும் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

10. இன்சுலின்: வயலும் சிரிஞ்சும் ஜோடி

நம் நாட்டில் வயலில், அதாவது சிரிஞ்சால் மருந்து எடுக்கும் சிறு குப்பியில், வரும் மனித இன்சுலின் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவும் அதற்குள் போடும் கார்ட்ரிட்ஜும் பெரும்பாலும் 100 யூனிட். சில வயல்களும் 100 யூனிட்டில் வருகின்றன. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மூடியை மட்டும் நம்பாமல் சிரிஞ்சின் உடலில் அச்சிட்ட எண்ணையும் படியுங்கள்.

100 சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை 40 வயலிலிருந்து எடுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. 40 சிரிஞ்சில் 10 கோடு வரை 100 இன்சுலினை எடுத்தால் 25 யூனிட், உயிருக்கே ஆபத்து. பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பதை அதனால்தான் ஒருபோதும் செய்யக்கூடாது என்கிறார்கள். ஊர்ப் பயணத்தில் பேனா ஊசி தீர்ந்துபோகும்போதுதான் இந்த யோசனை வரும். கூடுதலாக ஊசி எடுத்துப் போங்கள்.

வயல் மேல் 30/70 என்று இருப்பது செறிவு அல்ல, வேகமாக வேலை செய்யும் இன்சுலினும் மெதுவாக வேலை செய்வதும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது. செறிவு பக்கத்தில் தனியாக இருக்கும். 1 மி.லி.க்கு 40 யூனிட் என்றால் 10 மி.லி. வயலில் 400 யூனிட். நாளைக்கு 20 யூனிட் போடுபவருக்கு 20 நாள் வரும். திறந்த தேதியை மார்க்கரால் எழுதுங்கள், மருந்து மிச்சமிருந்தாலும் பொதுவாக 28 நாளோடு சரி. சீட்டில் யூனிட் என்பதற்கு வெறும் ஆங்கில எழுத்தை மட்டும் போட்டிருந்தால் அது பூஜ்யம் மாதிரித் தெரிந்து 10 நூறாகப் படிக்கப்படலாம். முழுச் சொல்லாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

11. சூட்கேஸில் வரும் மருந்து

அமெரிக்காவிலிருந்து வரும் சித்தி கொண்டுவரும் குழந்தை பாரசிட்டமால் அங்கே ‘அசிட்டமினோஃபென்’ என்ற பெயரில், 5 மி.லி.க்கு 160 மி.கி. நம் கடையில் அந்த அளவு கிடைப்பது அரிது, எனவே கணக்கைப் புதிதாகப் போடுங்கள். வைட்டமின் டி சொட்டு மருந்து இன்னும் மோசம். இங்கே வழக்கமாக 1 மி.லி.க்கு 400 அல்லது 800 யூனிட். அங்கே சிலவற்றில் ஒரே ஒரு சொட்டில் 400. பழக்கத்தில் 1 மி.லி. கொடுத்தால் பத்தாயிரக் கணக்கில் போய்விடும். 60,000 யூனிட் என்று சின்ன பாட்டிலில் வருவது பெரியவர்களுக்கு, டாக்டர் சொன்னபடி வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒன்று.

12. கூடிப்போய்விட்டால்

பாரசிட்டமால் கூடினால் முதல் நாள் குழந்தை நன்றாகவே விளையாடும். கல்லீரல் பாதிப்பு அப்புறம்தான் தெரியும். அதற்கான மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் ‘பார்க்கலாம்’ என்று காத்திருக்கக்கூடாது. வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது, உப்புத்தண்ணீர் கொடுக்கவும் கூடாது.

இன்சுலின் கூடினால் வியர்வை, நடுக்கம், குழப்பம். விழுங்க முடிகிறதென்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை ஏறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும், உள்ளே போன இன்சுலின் பல மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104. டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்துக்கு 1800 116 117, கட்டணமில்லை. கூப்பிடும்போது நான்கு விஷயங்கள் கையில் இருக்கட்டும்: குழந்தையின் எடை, லேபிளில் உள்ள செறிவு, எத்தனை மி.லி. போனது, எத்தனை மணிக்கு. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது பாட்டிலையும் பெட்டியையும் அளந்த சிரிஞ்சையும் அப்படியே கையோடு எடுத்துப் போங்கள், கழுவிவிடாதீர்கள்.